கோழிகளைக் கொள்ளை கொள்ளும் ராணிக்கெட் வியாதி

கிராமங்களில் கோழி இல்லாத வீடுகள் மிகச் சிலவே. நிலமும் மாடும் வீட்டுத் தலைவரின் கணக்கில் இருக்க, கோழி மட்டும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் சொந்த முதலாகவே இருந்து வருகிறது. அதற்கென்று தனித் தீனி வாங்குவதில்லை. களத்தில் சிந்திய தானியத்தையும், எருக்குழியிலுள்ள புழு பூச்சிகளையும், அடுப்பங்கரையிலிருந்து கொட்டப்படும் மிச்சத்தையும் தின்று அது தானே வளர்கிறது. நன்றாகப் பராமரிக்கப்படும் நாட்டுப் பெட்டைக் கோழி ஒன்று வருஷத்தில் 60 முதல் 80 முட்டைகள் வரை இடும். அவற்றில் ஒரு பங்கு உண்பதற்கும், ஒரு பங்கு விற்பதற்கும், ஒரு பங்கு அடைவைத்துக் குஞ்சு எடுப்பதற்கும் உதவுகின்றது. பிள்ளைகளின் நோட்டுப் புஸ்தகத்துக்கும், மருந்துக் கடைக்கும், எதிர்பாராது வரும் விருந்துக்கும் வேண்டிய கைப்பணம் பல வீடுகளில் இதிலிருந்தே கிடைக்கிறது. 2019-ம் வருஷத்துக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவிலுள்ள வீட்டுப் பறவைகள் 85 கோடிக்கு மேற்பட்டவை; அவற்றில் சுமார் 31 கோடியே 70 லட்சம் புறக்கடையில் வளர்பவை. தமிழ் நாட்டில் மட்டும் 12 கோடிக்கு மேல் உண்டு; இத்தொகை மற்றெல்லா மாநிலங்களிலும் உள்ளதைவிட அதிகம்.

இச்சிறு செல்வத்துக்கு முதற் சத்துருவாக இருப்பது ராணிக்கெட் வியாதி. தமிழ் நாட்டுக் குடியானவர்கள் இதனை வெள்ளைக் கழிச்சல் என்றும், கோழிக் கழிச்சல் என்றும், பொதுவாகக் கோழிச் சீக்கு என்றும் வழங்குவர். கோடை தொடங்கும் தருணத்தில் ஒரு தெருவில் இரண்டொரு கோழிகள் மடியும். ஒரு வாரத்துக்குள் ஊர் முழுவதும் பஞ்சாரங்கள் காலியாகிவிடும். தடுப்பு மருந்து பெறாத கோழிகளிடையே கடுமையான வகை புகுந்தால் நூற்றுக்கு நூறு மடிவதும் உண்டு. இவ்வியாதியைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. ஆனால் இதனைத் தடுக்கும் மருந்து உண்டு. அத்தடுப்போ, ஒருவர் தம் வீட்டளவில் செய்து முடித்துக்கொள்ளக்கூடிய காரியமன்று; ஊரார் யாவரும் ஒருங்கே செய்தாலன்றி அது பூரண பலனைத் தராது. இவ்வுண்மையைக் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் நன்கு உணர்வது அவசியம்.

வியாதியின் வரலாறு

1926-ம் வருஷத்தில், ஒன்றுக்கொன்று மிகத் தொலைவிலுள்ள இரண்டு இடங்களில் இவ்வியாதி முதன்முதல் கவனிக்கப்பட்டது. ஒன்று ஜாவாத் தீவு. மற்றொன்று இங்கிலாந்திலுள்ள நியூகாசில் துறைமுக நகரம். நியூகாசிலில் கண்ட வியாதியை ஆராய்ந்த டாயில் என்பவர், அதுவரை தெரிந்திருந்த கோழிக் கொள்ளை வியாதியினின்று இது வேறானதென்றும், வைரஸ் எனப்படும் மிக நுண்ணிய கிருமியால் உண்டாவதென்றும் 1927-ல் நிரூபித்தார். அதனால் உலகில் பல நாடுகளில் இதற்கு நியூகாசில் வியாதி என்ற பெயர் நிலைத்தது. ஏறக்குறைய அதே சமயத்தில், தற்போது உத்தராகண்ட் மாநிலத்தைச் சேர்ந்த குமாவுன் மலைப்பகுதியிலுள்ள ராணிக்கெட் என்னும் ஊரில் எட்வர்ட்ஸ் என்பவர் இவ்வியாதியைக் கண்டார். இந்தியாவில் அவ்வூரின் பெயரே வழங்கலாயிற்று. பெயர் இரண்டாயினும் வியாதி ஒன்றே.

இது பரவியபோது செல்வ நாடுகளும் பெருநஷ்டம் அடைந்திருக்கின்றன. அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியா மாநிலத்தில் 1971-ம் வருஷம் தோன்றிய வியாதியை ஒழிப்பதற்காக ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் பறவைகளைக் கொல்ல வேண்டியதாயிற்று. அதே மாநிலத்தில் 2018-ம் வருஷத்தில் மீண்டும் தோன்றி, 2020 வரையில் 12 லட்சத்துக்கு மேற்பட்ட பறவைகளைப் பலிகொண்டது. அம்முறை வியாதி பெரும்பாலும் வீட்டுப் புறக்கடைக் கோழிகளிடையேதான் கண்டது. கோழிகள் கைமாறிக் கைமாறிச் சென்ற வழியே வியாதியும் சென்றது.

வியாதி பரவும் விதம்

வியாதியுற்ற கோழியின் மூச்சிலும், மூக்கு வாய்களிலிருந்து வடியும் நீரிலும், எச்சத்திலும் கிருமி நிறைந்திருக்கும். பக்கத்திலுள்ள கோழி அக்காற்றைச் சுவாசிப்பதாலும், எச்சம் கலந்த தண்ணீரையும் தீனியையும் உட்கொள்வதாலும் வியாதி தொற்றுகிறது. கிருமி உட்சென்றபின் பெரும்பாலும் 5 அல்லது 6 நாட்களில் குறிகள் வெளிப்படும். சில சமயம் 2 நாட்களிலும், சில சமயம் 15 நாட்கள் சென்றும் வெளிப்படுவதுண்டு. இந்த இடைக்காலந்தான் மிகவும் அபாயமானது. ஏனெனில், பார்வைக்கு நல்ல நிலையிலிருக்கும் கோழி குறிகள் தோன்றுமுன்னரே கிருமியை வெளியிடத் தொடங்கிவிடும்.

எனினும் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு வியாதியைக் கொண்டு செல்பவன் பெரும்பாலும் மனிதனே. வாரச் சந்தையில் பல ஊர்க் கோழிகளும் கால் கட்டப்பட்டு ஒரே இடத்தில் கிடக்கின்றன. அங்கு விற்காமல் திரும்பி வரும் கோழியும், புதிதாக வாங்கி வரும் கோழியும் வீட்டிலுள்ளவற்றோடு அன்று மாலையே ஒரே கூட்டில் அடைக்கப்படுகின்றன. வியாபாரியின் கூடையிலும், அவர் வண்டியின் சக்கரத்திலும், கோழியைத் தூக்கிப் பார்த்த கையிலும், எச்சத்தை மிதித்த செருப்பிலும் கிருமி ஒட்டிக்கொண்டு செல்கிறது. உறவினர் வீட்டிலிருந்து சீராக வரும் கோழியும், கோயில் நேர்த்திக்காகக் கொண்டு செல்லும் சேவலும் இதற்கு விலக்கல்ல. புறா, வான்கோழி, கினிக் கோழி, மயில் முதலிய பறவைகளையும் இவ்வியாதி தாக்கும். வாத்து பெரும்பாலும் தான் நோயுறாமலே கிருமியைச் சுமந்து திரியும்.

குளிர்ந்த நிழலான இடத்தில் எச்சத்திலும் இறகிலும் இக்கிருமி பல வாரங்கள் உயிரோடிருக்கும். ஆனால் கடும் வெயிலும், கொதிக்கும் நீரும், சுண்ணாம்பும் அதனை அழித்துவிடும். குடியானவர்களின் கையில் எப்போதும் உள்ள இம்மூன்று பொருள்களே இதற்கெதிரான நல்ல ஆயுதங்களாம்.

குறிகள்

கடுமையான வகையில் குறி எதுவும் தோன்றாமலே இரவில் நன்றாயிருந்த கோழி காலையில் இறந்து கிடக்கலாம். மற்றபடி முதலில் கோழி இரை எடுக்காமல், இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி ஒதுங்கி நிற்கும். பிறகு மூச்சு விடுவது சிரமமாகும். கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, கரகரவென்ற சப்தத்துடன் மூச்சு வாங்கும், இருமும், தும்மும், மூக்கிலிருந்து நீர் வடியும். கண்ணைச் சுற்றிலும் முகம் வீங்குவதுமுண்டு. வெண்மையாகவோ பச்சை கலந்த வெண்மையாகவோ தண்ணீர்போலக் கழியும். இக்குறியைக் கொண்டே தமிழ் நாட்டில் இவ்வியாதி பெயர் பெற்றது.

சில நாட்கள் தாங்கி நிற்கும் கோழிகளில் நரம்பு சம்பந்தமான குறிகள் தோன்றும். கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். தலை மேல்நோக்கித் திரும்பும். கோழி வட்டமிட்டுச் சுழலும். காலும் சிறகும் செயலற்றுத் தொங்கும். முட்டையிடும் கோழிகளில் முட்டை திடீரென்று நின்றுவிடும்; அல்லது தோல் முட்டையும் கோணல் முட்டையுமாக இடும். பிழைத்த கோழிகளிற் சில வாழ்நாள் முழுவதும் கழுத்துக் கோணலாகவே இருக்கும். இறந்த கோழியை மருத்துவர் அறுத்துப் பார்க்கும்போது, அரைவைப்பைக்கு முன்னுள்ள இரைப்பையின் உட்புறத்தில் ஊசிமுனை போன்ற இரத்தப் புள்ளிகள் பெரும்பாலும் காணப்படும்.

மேற்கண்ட குறிகள் சில வேறு வியாதிகளிலும் தோன்றுமாதலால், பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டுவது சரியன்று. சளி வியாதியில் முகம் வீங்கும். ஆனால் சாவு குறைவு. மூச்சுக்குழல் அழற்சி என்னும் மற்றொரு வைரஸ் வியாதியில் குஞ்சுகள் மூச்சுத் திணறுவதும், பெட்டைகள் கோணல் முட்டையிடுவதும் உண்டு. ஆனால் கழுத்து முறுக்கிக்கொள்வதில்லை. யாவற்றிலும் முக்கியமானது பறவைக் காய்ச்சல். இந்தியாவில் இது 2006-ம் வருஷத்தில் மகாராஷ்டிரத்திலுள்ள நவாப்பூரில் முதன்முதல் கண்டது. அதுவும் ராணிக்கெட் வியாதியைப் போன்றே கோழிகளைக் கூட்டமாக மாய்ப்பது. மனிதருக்கும் பேரபாயம் விளைவிக்கக்கூடியது. ஆகவே ஓர் ஊரில் கோழிகள் திடீரென்று கூட்டமாக மடியுமானால், "இது வழக்கமான சீக்குத்தான்" என்று சும்மா இருந்துவிடாமல் கால்நடை மருத்துவரைக் கொண்டு காரணத்தை அறிவது கட்டாயமாகும்.

ராணிக்கெட் வியாதி மனிதருக்குக் கொடிதன்று. வியாதியுற்ற கோழியைக் கையாண்டவர்களுக்குச் சில நாட்கள் கண் சிவந்து நீர் வடியலாம். அது தானே குணமாகிவிடும். எனினும் கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடலாகாது.

சிகிச்சையால் பயனில்லை

வியாதி கண்டபின் பூண்டு, வெங்காயம், மஞ்சள் முதலியவற்றை அரைத்துக் கொடுப்பதும், கடையில் மாத்திரை வாங்கிக் கரைத்து ஊற்றுவதும் பல இடங்களில் வழக்கமாயிருக்கிறது. மாத்திரைகளில் உள்ள கிருமிக்கொல்லி மருந்துகள் பாக்டீரியா என்னும் வேறு வகைக் கிருமிகளை மட்டுமே கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யா. பத்துக் கோழிகளில் இரண்டு பிழைத்தால், அவை மருந்தினால் பிழைத்ததாக எண்ணுவது இயல்பு. உண்மையில் அவை தம் உடல் வலிமையினாலேயே பிழைத்தவை. மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும் அந்த நான்கைந்து நாட்களில் வியாதி அடுத்த தெருவுக்குச் சென்றுவிடுகிறது என்பதே இதனால் விளையும் பெரிய நஷ்டம்.

தடுப்பு மருந்து

1940-களில் குமாவுன் மலையிலுள்ள முக்தேசுவரம் ஆராய்ச்சி நிலையத்தில் ஹாடோ, இத்னானி என்பவர்கள், கடுமையான கிருமியைக் கோழி முட்டைக் கருக்களில் அடுத்தடுத்துப் பன்முறை வளர்த்து அதன் வீரியத்தைக் குறைத்தனர். அவ்வாறு வீரியம் குறைந்த கிருமியைக் கோழியின் உடலில் செலுத்தினால், அது பெருந்தீங்கு செய்யாமல், உண்மையான வியாதியை எதிர்க்கும் சக்தியை மட்டும் உண்டாக்குகிறது. முக்தேசுவரம் வகையும், பாலஸ்தீனத்தில் கோமரோவ் என்பவர் தயாரித்த வகையும் இந்தியாவில் வளர்ந்த கோழிகளுக்கு வழங்கிவருகின்றன. குஞ்சுகளுக்கு எப், லசோட்டா என்னும் மென்மையான வகைகள் ஏற்றவை.

தமிழ் நாட்டில் பொதுவாகப் பின்பற்றப்படும் முறை பின்வருமாறு:

1. குஞ்சு பொரித்த 7-ம் நாளில் எப் அல்லது லசோட்டா மருந்து ஒரு சொட்டு, கண்ணிலோ மூக்கிலோ விடப்படும்.

2. 4-ம் வாரத்தில் லசோட்டா மருந்து மீண்டும் கொடுக்கப்படும். கோழிகள் பலவாயின் குடிநீரில் கலந்து கொடுக்கலாம். அந்நீரில் குளோரின் முதலிய மருந்து யாதும் கலந்திருக்கலாகாது.

3. 8-ம் வாரத்தில் கோமரோவ் வகை மருந்து அரை மில்லி, இறக்கையின் அடியில் தோலுக்குக் கீழ் ஊசி மூலம் போடப்படும். 8 வாரத்துக்குக் குறைந்த குஞ்சுகளுக்கு இவ்வூசி போடுதல் கூடாது.

தடுப்பு மருந்து உயிருள்ள பொருள் என்பதை மறக்கலாகாது. அது 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையுள்ள குளிரில் இருத்தல் வேண்டும். வெயிலில் அரை நாள் வைத்திருந்த குப்பியிலிருந்து ஊசி போட்டால் வெறுந்தண்ணீரைப் போட்டதாகவே முடியும். உலர்ந்த மருந்தை அதற்குரிய குளிர்ந்த நீரில் கரைத்தபின் 2 மணி நேரத்துக்குள் உபயோகித்துவிட வேண்டும். மிஞ்சியதை மறுநாளுக்கு வைப்பது வீண். ஊசிக் குழாயைக் கொதிநீரில் சுத்தம் செய்து ஆற வைப்பதே முறை. மருந்துத் தண்ணீரில் கழுவினால் அதன் மிச்சம் தடுப்பு மருந்தைக் கெடுத்துவிடும். ஊசி போடுவதற்கு ஒரு வாரம் முன்பாகக் கோழிகளுக்குக் குடற்புழு நீக்க மருந்து கொடுப்பது நலம்.

குளிர் வசதி குறைந்த கிராமங்களை உத்தேசித்து, வெப்பத்தை ஓரளவு தாங்கும் மருந்து வகைகளும் பிற்காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் தோன்றிய வி-4, ஐ-2 என்னும் வகைகள் இத்தகையவை. ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் முதலிய நாடுகளில் கிராமத்தாரிலேயே சிலர் பயிற்சி பெற்று, சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு, 4 மாதங்களுக்கொரு முறை வீடு வீடாகச் சென்று கோழிகளின் கண்ணில் ஐ-2 மருந்தைச் சொட்டு விட்டு வருகின்றனர். தமிழ் நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் தீனியோடு கொடுக்கக்கூடிய குருணை வடிவமான தடுப்பு மருந்தைத் தயாரித்திருக்கிறது.

ஊசியைப் பற்றிய அவநம்பிக்கை

"ஊசி போட்ட பிறகுதான் என் கோழிகள் செத்தன" என்று சொல்பவர்களை எந்த ஊரிலும் காணலாம். இதனை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமன்று. அவர்கள் கண்டது பல சமயங்களில் உண்மையே. அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, பக்கத்து வீட்டில் கோழி மடியத் தொடங்கிய பின்னரே பலர் ஊசிக்கு ஓடுகின்றனர். அப்போது அவர்கள் வீட்டுக் கோழிகளின் உடலில் கிருமி முன்னரே புகுந்திருக்கும். ஊசியினால் எதிர்ப்புச் சக்தி உண்டாவதற்கு 10 முதல் 14 நாட்கள் வேண்டும். வியாதியோ 5 நாட்களில் வெளிப்பட்டுவிடும். அக்கோழிகள் ஊசியால் சாகவில்லை. ஊசி தாமதமானதால் செத்தன. இரண்டாவது, 8 வாரமாகாத குஞ்சுகளுக்கும், புழுத் தொல்லையாலும் வேறு நோயாலும் மெலிந்த கோழிகளுக்கும் வளர்ந்த கோழிக்குரிய ஊசியைப் போட்டுவிடுவது. இது மெய்யாகவே கெடுதல் செய்யும். மூன்றாவது, ஒரு வீட்டு நோயாளிக் கோழிக்குப் போட்ட ஊசியை மாற்றாமல் அடுத்த வீட்டில் உபயோகிப்பது. இதனால் ஊசியே கிருமியைச் சுமந்து செல்லும்.

ஊசி போட்ட கோழி இரண்டொரு நாள் சோர்ந்திருப்பதும், சில நாட்கள் முட்டை குறைவதும் இயல்பே. இவற்றை முன்கூட்டியே வீட்டாருக்குச் சொல்லிவிட்டால் அவநம்பிக்கைக்கு இடமிராது. ஒருமுறை ஏமாற்றமடைந்த வீட்டார் மறு வருஷம் பஞ்சாரத்தைத் திறக்க மாட்டார்கள். அவர்களைப் பார்த்து நான்கு வீட்டாரும் மறுப்பார்கள். ஆகையால் முறைப்படி ஊசி போடுவது எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் அதன் விவரத்தை மறைக்காமல் சொல்வதும்.

ஊர் முழுவதும் ஒரே நாளில்

கிராமத்துக் கோழிக்கு வேலியில்லை. ஒரு வீட்டுக் கோழி ஐந்து வீட்டுக் குப்பையைக் கிளறும். நூறு வீடுகளுள்ள ஊரில் முப்பது வீட்டார் மட்டும் ஊசி போட்டுக்கொண்டால், மற்ற எழுபது வீட்டுக் கோழிகளும் வியாதிக்கு விறகுபோல் காத்திருக்கும். ஊசி போட்ட கோழி நோயுறாது தப்பினாலும், கிருமி அதன் உடலில் புகுந்து சில நாட்கள் எச்சத்தில் வெளிப்படக்கூடும். அப்போது அவ்வீட்டிலேயே ஊசி போடாத குஞ்சுகள் மடியும். "ஊசி போட்டும் பயனில்லை" என்ற பேச்சு இவ்விதமும் எழுகின்றது. ஊரிலுள்ள மிகப் பெரும்பாலான கோழிகள் எதிர்ப்புச் சக்தி பெற்றிருக்குமானால், புகுந்த கிருமி தொற்றுவதற்குக் கோழி கிடைக்காமல் தானே அவியும்.

செலவைக் கருதினாலும் இதுவே சிக்கனம். ஒரு குப்பியில் 100 அல்லது அதற்கு மேற்பட்ட கோழிகளுக்குப் போதுமான மருந்து அடங்கியுள்ளது. ஐந்து கோழி வைத்திருப்பவர் தனியாக ஒரு குப்பியைத் திறந்தால் மீதி முழுவதும் 2 மணி நேரத்தில் வீணாகும். இருபது வீட்டார் ஒரே காலையில் கூடினால் ஒரு சொட்டும் வீணாவதில்லை.

மற்றொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. மாடுகளைப் போலன்றிக் கோழிகள் விரைவில் மாறிக்கொண்டேயிருப்பவை. மாசி மாதத்தில் ஊசி பெற்ற சேவல்கள் ஆடிக் கொடைக்குள் பெரும்பாலும் விற்றுப் போகும். அவற்றின் இடத்தில் ஊசி பெறாத வெடைக் கோழிகளும் குஞ்சுகளும் வந்திருக்கும். ஊசி பெற்ற தாயின் முட்டையிலிருந்து பொரித்த குஞ்சுக்குத் தாயின் எதிர்ப்புச் சக்தி இரண்டு மூன்று வாரங்களே துணை நிற்கும். ஆகவே வருஷத்துக்கு ஒரு முறை ஊசி போட்டதோடு கடமை முடிந்ததென்று எண்ணலாகாது. தமிழ் நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறையார் கோடைக்கு முன்பாக, பிப்ரவரி மாதத்தில் இருவார முகாம் நடத்திக் கோழிகளுக்கு இலவசமாக ஊசி போட்டு வருகின்றனர். இதனை அடிப்படையாகக் கொண்டு, இடையில் வளர்ந்த கோழிகளுக்கும் 4 அல்லது 6 மாதங்களுக்கொரு முறை ஊர் கூடி ஏற்பாடு செய்துகொள்வது சிறந்தது.

வியாதி கண்டபின் செய்ய வேண்டியவை

முதற் கோழி மடிந்த அன்று ஒவ்வொரு வீட்டிலும் எழும் எண்ணம் ஒன்றே: மீதியுள்ளவை சாவதற்குள் விற்றுவிட வேண்டும் என்பது. கையிலுள்ள சிறு முதல் அழியப்போவதைக் கண்டு ஏழை வீட்டார் இவ்வாறு நினைப்பதில் வியப்பில்லை. விஷயமறிந்த வியாபாரி பாதி விலையும் கொடுக்கமாட்டார். அறியாத வியாபாரி அவற்றை அடுத்த ஊருக்குக் கொண்டு செல்வார். அவ்வூரில் சில நாட்களில் வியாதி தோன்றும். அங்குள்ளவர்களும் அவ்வாறே விற்பார்கள். இவ்விதமாக ஒரு வட்டாரம் முழுவதும் சுற்றிய வியாதி, சில மாதங்கள் கழித்து முதலில் விற்றவரின் புதுக் குஞ்சுகளிடமே திரும்பி வரும். இதற்குச் சுருக்கமான வழி எதுவுமில்லை. அவ்வூரிலிருந்து கோழிகள் வெளியே போகாமலும் உள்ளே வராமலும் நிறுத்துவதொன்றே பரிகாரம்.

அச்சமயம் பின்வருமாறு நடந்துகொள்ளல் வேண்டும்:

1. கோழிகளை வெளியே விடாமல் அவரவர் வீட்டிலேயே பஞ்சாரத்திலோ கூட்டிலோ அடைத்து வைத்து, அங்கேயே தீனியும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். நோயுற்றவற்றை வேறிடத்தில் பிரித்து, அவற்றைக் கடைசியாகவே கவனிக்க வேண்டும்.

2. இறந்த கோழியைக் குப்பைமேட்டிலோ, வாய்க்காலிலோ, குளத்திலோ எறியலாகாது. நாயும் காக்கையும் எடுக்காதபடி ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். அல்லது எரித்துவிட வேண்டும்.

3. நோயுற்ற கோழியை அவசரமாக அறுத்து உண்பது பல இடங்களில் உள்ள வழக்கம். அறுத்த இடத்து இரத்தமும் இறகும் குடலும் தெருவில் வீசப்படுவதால் வியாதி பன்மடங்காகும். அவ்வாறு அறுக்காதிருத்தல் நன்று.

4. கூட்டிலுள்ள எச்சத்தையும் பழைய வைக்கோலையும் திரட்டி எரித்து, சலவைச் சோடா கரைத்த கொதிநீரால் கழுவி, சுண்ணாம்படித்து, பல நாட்கள் வெயிலில் காயவிட வேண்டும். கடைசிக் கோழி மடிந்தோ குணமாகியோ ஒரு மாதத்துக்குக் குறையாமல் புதுக் கோழி வாங்கலாகாது.

5. நோயுற்ற கோழிகளின் முட்டைகளை அடைவைக்கலாகாது.

6. வியாதி இன்னும் புகாத பக்கத்து ஊர்களில் உடனே ஊசி போட ஏற்பாடு செய்ய வேண்டும். வியாதி கண்ட ஊரில் எஞ்சிய கோழிகளுக்கு ஊசி போடுவதா வேண்டாமா என்பதைக் கால்நடை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

வியாதியில்லாத காலத்திலும் புதிதாக வாங்கிய கோழியையும் சந்தையிலிருந்து திரும்பிய கோழியையும் மூன்று வாரங்கள் தனியாக அடைத்து வைப்பதை ஒவ்வொரு வீட்டாரும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு பழைய பஞ்சாரமும் ஒரு தண்ணீர்ச் சட்டியுமே இதற்கு வேண்டிய செலவு.

கிராம அதிகாரிகளின் பொறுப்பு

கால்நடைகளின் ஒட்டுவாரொட்டி நோய்களைத் தடுப்பதற்காக மத்திய சர்க்கார் 2009-ம் வருஷத்தில் ஒரு சட்டம் இயற்றியிருக்கின்றனர். அச்சட்டத்தின் அட்டவணையில் ராணிக்கெட் வியாதியும் சேர்ந்துள்ளது. அதன்படி, தம் பறவைகளுக்கு இத்தகைய வியாதி கண்டிருப்பதாக நம்பக் காரணமுள்ள உடைமையாளர் அதனைக் கிராம அதிகாரிக்கோ ஊராட்சிக்கோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். நோயுற்றவற்றைப் பிரித்து வைக்கவும் கடமைப்பட்டவர். அறிவிப்பைப் பெற்றவர் அதனை அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எட்டச் செய்தல் வேண்டும். நோயால் இறந்ததென்று தெரிந்த உடலை ஆறு, ஏரி, கால்வாய் முதலிய நீர்நிலைகளில் போடுவது அச்சட்டப்படி குற்றமாகும்.

சட்டத்தைக் காட்டி மிரட்டுவதால் மட்டும் காரியம் நடவாது. தகவல் சொன்னால் தொல்லை வருமென்று ஜனங்கள் பயந்தால், கோழிகள் இரவோடிரவாக ஊரைவிட்டுப் போய்விடும். தகவல் சொல்பவருக்கு நன்மையே விளையும் என்ற நம்பிக்கையை ஏற்படுத்துவது கிராம அதிகாரிகளின் கையில் உள்ளது. முதற் செய்தி வந்த அன்றே மருத்துவரை வரவழைப்பதும், பக்கத்து ஊர்களுக்கு எச்சரிக்கை அனுப்புவதும், சந்தை நடத்துவோருக்குத் தெரிவிப்பதும் தாமதமின்றிச் செய்யத்தக்கவை.

இவற்றைவிட எளிதும் பயன் மிக்கதுமான வேலை வியாதி வருமுன் செய்யக்கூடியது. தை மாதம் பிறந்தவுடன் ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் வீடு வீடாக எத்தனை கோழிகள், அவற்றில் 8 வாரத்துக்கு மேற்பட்டவை எத்தனை என்று கணக்கெடுத்துக் கால்நடை மருந்தகத்துக்கு அனுப்பலாம். ஊசி போடும் நாளைக் குறித்து, முதல் நாள் மாலையே தண்டோராவினாலோ ஒலிபெருக்கியினாலோ அறிவிக்கலாம். விடிந்தால் கோழிகள் கலைந்துவிடுமாதலால், பஞ்சாரத்தைத் திறக்காமல் வைத்திருக்கும்படி சொல்லிவைப்பது மிக முக்கியம். கோழிகளின் சொந்தக்காரர் பெரும்பாலும் பெண்களாதலால், அவர்களுடைய சுய உதவிக் குழுக்களின் வாயிலாகச் செய்தியைச் சொன்னால் ஒரு வீடும் விடுபடாது. பெரிய நிலக்காரர்கள் தம் களத்துக் கோழிகளுக்கு முதலில் ஊசி போட்டுக்கொண்டு, தம் பண்ணையில் வேலை செய்பவர்களின் வீட்டுக் கோழிகளும் விடுபடாமல் பார்த்துக்கொள்வது அவர்களுக்கே நன்மை. ஏனெனில் அவ்விரண்டும் ஒரே களத்தில்தான் மேய்கின்றன.

ஒரு கோழிக்கு அரை மில்லி மருந்து. ஓர் ஊருக்கு ஒரு நாட் காலை வேலை. இவ்வளவு சொற்பமான முயற்சியால் தடுக்கக்கூடிய நஷ்டத்தை ஆண்டுதோறும் விதியென்று ஏற்றுக்கொள்ள வேண்டுவதில்லை. மாசிக்கு முன் ஒவ்வொரு கிராமத்தாரும் தத்தம் ஊர்க் கோழிகளைக் கணக்கெடுத்து, ஊசி போடும் நாளைக் குறித்துக்கொள்வார்களாக.